உறங்காப்புளியைப் பார்க்க எத்தனை மணிக்குப் போவது?

சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறது, இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன், உங்கள் திருநெல்வேலிப் பக்கம் பார்க்கிற மாதிரி கோட்டை எது என்று கேட்டார். எங்கள் சீமையில் கோட்டையைவிடக் கோட்டை இடிந்த கதைதான் அதிகம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1799இல் கும்பெனிப் படை இடித்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை திரும்பக் கட்டினார். 1801இல் அதையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அங்கே நிற்பது 1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பாளையங்கோட்டையின் கோட்டை பெயரில் முழுசாக இருக்கிறது, நேரில் வாசல்பக்கம்தான் மிச்சம்.

“அப்போ வரவேண்டாங்கிறீங்களா அண்ணாச்சி?” என்றார்.

வாருங்கள் என்றேன். ஆனால் ஆழ்வார்திருநகரிக்கு வாருங்கள். அங்கேயும் உயர்ந்த மதில் உண்டு, கோபுரம் உண்டு, மதிலைச் சுற்றி வீதிகள் உண்டு. உள்ளே ராஜா ஒருவரும் வாழ்ந்ததில்லை. ஒரு புளியமரம்தான் வாழ்கிறது. அதைப் பார்க்க ஒரே ஒரு நிபந்தனை: பொழுது சாய்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

அந்த நிபந்தனையைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதை மீறிவிட்டுப் போகிறார்கள்.

நவதிருப்பதி என்பது தாமிரபரணியின் இரு கரைகளிலும் கிடக்கும் ஒன்பது பெருமாள் கோயில்கள். ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. எட்டுப் பெயர்தான் வருகிறதே என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். இரட்டைத் திருப்பதியில் கோயில் இரண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெல்லையிலிருந்து இதற்கென்றே சிறப்புப் பேருந்து விடுவார்கள். ஒரே நாளில் ஒன்பதையும் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு கோயிலிலும் அரை மணி, முக்கால் மணி. ஆழ்வார்திருநகரியில் ஆதிநாதரைச் சேவித்து, நம்மாழ்வாரைச் சேவித்து, புளியமரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இது உறங்காப்புளி, ராத்திரியில் இலை மூடாது என்று கூட வந்தவர் சொல்வார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்போது மணி பகல் பதினொன்று. பகல் பதினொன்றுக்கு உலகத்தில் எந்தப் புளியமரம் இலையை மூடிக்கொண்டு நிற்கிறது?

முதலில் ஐதீகத்தைச் சொல்லிவிடுகிறேன். இவ்வூரின் பழைய பெயர் திருக்குருகூர். காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த பிள்ளை அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. பெற்றவர்கள் ஆதிநாதர் சந்நிதியில் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளை தவழ்ந்துபோய்ப் புளியமரத்துப் பொந்தில் அமர்ந்து, பதினாறு ஆண்டுகள் யோகத்தில் இருந்தது. வடநாட்டில் யாத்திரையில் இருந்த மதுரகவி தெற்கே ஒரு பேரொளியைக் கண்டு நடந்து வந்து, அது இந்த மரத்தடியில் அடங்குவதைப் பார்த்தார். மாறன் என்ற அந்தப் பிள்ளை, அதாவது நம்மாழ்வார், வாய் திறந்தது அவரிடம்தான். 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி வந்தது அந்த வாயிலிருந்து. மரம் ஆதிசேஷனின் அவதாரம் என்பார்கள். அதே ஆதிசேஷன்தான் லட்சுமணனாகப் பிறந்து பதினான்கு ஆண்டுகள் உறங்காமல் காவல் இருந்தவன் அல்லவா, அதனால் மரமும் உறங்குவதில்லை. பூக்கும், பிஞ்சு விடும், கனியாது என்றும் சொல்வார்கள். வயது 5,000 ஆண்டுக்கு மேல் என்பது கோயில் கணக்கு. மரம் நிற்கும் மேடையைச் சுற்றித் திவ்யதேசப் பெருமாள்களின் சிற்பங்கள் இருக்கின்றன.

உறங்காத மரம் ஓர் அதிசயம் என்றால், மற்ற மரங்கள் உறங்குகின்றன என்று இந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய அதிசயம். பள்ளிக்கூட வாசலில் நிழல் விரித்து நிற்கும் மரத்துக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்ததும் இதே கண்தான். சாயங்காலம் அது இலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்தவர் யாரோ சிரித்துக்கொண்டே வைத்த பெயர்.

புளியிலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் இலை என்று கிள்ளுவது உண்மையில் சிற்றிலை. நடுவே ஒரு நரம்பு, அதன் இரு பக்கமும் பத்துப் பதினைந்து ஜோடிச் சிற்றிலைகள். எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் இலை. ஒவ்வொரு சிற்றிலையும் நரம்போடு சேரும் இடத்தில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு புடைப்பு இருக்கிறது. கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி. ஆனால் இந்தக் கீலில் இரும்பு இல்லை, தண்ணீர்தான். புடைப்பின் ஒரு பக்கத்துச் செல்கள் தண்ணீர் குடித்து உப்பினால் சிற்றிலை விரியும். அந்தப் பக்கம் தளர்ந்து எதிர்ப்பக்கம் உப்பினால் மடங்கும். சைக்கிள் டியூப் இரண்டை ஒரு பலகையின் இரு புறமும் வைத்து, ஒன்றில் காற்றடித்து மற்றதில் இறக்கிவிடுவதுபோல.

தண்ணீரை அங்கும் இங்கும் தள்ளுவது எது? பொட்டாசியம். செல்லின் சவ்வில் உள்ள கதவுகள் திறந்து பொட்டாசிய அயனிகள் வெளியேறினால், உப்பு போன பக்கம் தண்ணீரும் போகும். ஊறுகாய் ஜாடியில் மாங்காயிலிருந்து நீர் விட்டுக்கொள்வதற்கும் இதற்கும் ஒரே விதிதான். இதை 1970களில் அமெரிக்காவில் ரூத் சாட்டர் என்ற ஆய்வாளர் துருவித் துருவிப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட மரங்களில் ஒன்று நம்முடைய தூங்குமூஞ்சி. தொட்டாற்சிணுங்கி நொடியில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். புளி அவசரப்படாது, மாலை முழுவதும் எடுத்துக்கொள்ளும்.

இருட்டினால் மூடுகிறது, விடிந்தால் திறக்கிறது, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பாரிஸில் ட மேரான் என்பவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். 1729இல் இலை மூடித் திறக்கும் ஒரு செடியை எடுத்து வெளிச்சமே புகாத இருட்டறையில் வைத்தார். வெளியே பொழுது விடிந்தபோது உள்ளே இருட்டிலேயே செடி இலையை விரித்தது. மாலையில் மூடிக்கொண்டது. சூரியனைப் பார்க்காத செடிக்கு மணி தெரிந்திருந்தது! உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு முதல் சோதனை அதுதான். ஈயின் உடலில் அந்தக் கடிகாரத்தின் பல்சக்கரங்களைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர் பகலில் புரண்டு புரண்டு படுப்பதும், அமெரிக்காவிலிருந்து வந்த பேத்தி நடு இரவில் தோசை கேட்பதும் இதே கடிகாரத்தின் வேலை.

ஆனால் கதை 1729இல் தொடங்கவில்லை. அலெக்சாண்டரோடு வந்த கடற்படைத் தலைவர்களில் ஆண்ட்ரோஸ்தெனிஸ் என்று ஒருவர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவுக்குப் போய், இன்று பஹ்ரைன் என்று சொல்கிற தீவில் ஒரு மரத்தைப் பார்த்தார். இரவில் இலை மூடுகிறது, விடியும்போது திறக்கத் தொடங்குகிறது, உச்சிப்பொழுதில் முழுக்க விரிகிறது, மரம் தூங்குவதாக உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள் என்று அவர் குறித்துவைத்ததைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் தம் தாவர நூலில் சேர்த்தார். உயிர்க்கடிகாரத்தைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு இதுதான் என்கிறார்கள். அந்த மரம் எது என்று பின்னால் வந்த அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். புளியமரம்!

சரி, எதற்காகத் தூங்க வேண்டும்? டார்வின் தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880இல் செடிகளின் அசைவைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். விரித்த இலை இரவு வானத்துக்குத் தன் வெப்பத்தை இழக்கிறது, மடக்கினால் இழப்புக் குறைகிறது என்பது அவர் முடிவு. சில இலைகளை மடங்கவிடாமல் தக்கையில் குத்தி வைத்துக் குளிரில் விட்டார். மடங்கிய இலைகளைவிட அவை அதிகம் கருகின. இங்கிலாந்துக்குச் சரி, தாமிரபரணிக் கரையில் பனி உறைவது ஏது என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்வி. இலையைத் தின்னும் பூச்சியிடமிருந்து தப்பவா, இலையில் நீர் நிற்காமல் வழியவா என்று வேறு விளக்கங்களும் உண்டு. எதுவானாலும் பழக்கம் பழையது. சீனாவில் கிடைத்த 25 கோடி ஆண்டுப் பழைய இலைப் புதைபடிவங்களில் பூச்சி கடித்த ஓட்டைகள் இரு பாதியிலும் ஒரே மாதிரி இருப்பதை 2023இல் வெளியிட்டார்கள். காகிதத்தை மடித்துக் கத்தரித்தால் இரு பக்கமும் ஒரே ஓட்டை விழுமே, அதுபோல. மடங்கித் தூங்கிய இலையைப் பூச்சி கடித்திருக்கிறது.

இனி உறங்காத மரத்துக்கு வருவோம்.

கோயில் மரத்தை அறிவியல் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி ஜகதீஷ் சந்திர போஸ். வங்காளத்தில் ஃபரித்பூர் என்ற ஊரில் ஓர் ஈச்சமரம் இருந்தது. மாலையில் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் அது தலையைத் தரையில் சாய்த்துக் கும்பிடும், காலையில் நிமிர்ந்துவிடும். கூட்டம் கூடியது, நேர்த்திக்கடன் நடந்தது. போஸ் சிரிக்கவில்லை, புறக்கணிக்கவும் இல்லை. அளந்து பார்க்கக் கருவியோடு வந்தார். அந்நியக் கருவியால் மரத்துக்குத் தீட்டு வருமோ என்று உரிமையாளர் தயங்கினார். கருவி முழுக்க இந்தியாவில் என் ஆய்வகத்தில் செய்தது, அதை மரத்தில் மாட்டப் போகிறவர் ஒரு புரோகிதரின் மகன் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினார். இரவும் பகலும் கருவி கோடு போட்டுக்கொண்டே இருந்தது. வெயில் ஏற ஏற மரம் சாய்ந்தது, குளிரக் குளிர நிமிர்ந்தது. மணிக்கும் அதற்கும் தொடர்பில்லை, வெப்பநிலைக்குத்தான் தொடர்பு. பின்னால் மரம் பட்டுப்போனபோது அசைவும் நின்றது. அதனால் இது வெறும் கட்டை வெயிலில் வளைவதல்ல, உயிருள்ள மரத்தின் செயல் என்பதும் தெரிந்தது. கும்பிட்டவர்கள் கண்டது பொய்யில்லை. மரம் உண்மையாகவே குனிந்தது.

உறங்காப்புளியையும் அந்தக் கண்ணால் பார்க்கலாம். இலை மூடாத செடி இயற்கையில் சாத்தியமா? சாத்தியம். பட்டாணியில் ஒரு மரபணு பழுதானால், நான் முன்னே சொன்ன அந்தக் கீல் உருவாகாமலே போகிறது. கீல் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரணக் காம்பே வளர்ந்துவிடும். அந்தச் செடி இரவும் பகலும் இலையை விரித்தபடி நிற்கும். குதிரைமசால் குடும்பத்துச் செடி ஒன்றிலும் இதையே பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு மரபணு போதும். வேறு காரணங்களும் உண்டு. முற்றிய இலையில் கீல் விறைத்து, அசைவு மந்தமாகும். விளக்கொளி இரவு முழுவதும் விழுந்துகொண்டிருந்தால் கடிகாரமே குழம்பும். இலைகளுக்கு ஒளியை உணரும் நிறமி இருக்கிறது, அதற்குச் சூரியன் எது, கோயில் ஃபோகஸ் லைட் எது என்ற பேதம் கிடையாது. ஆகவே மேலே விளக்கு எங்கே இருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அதன் வெளிச்சம் படாத பக்கத்துக் கிளையை ஒன்று, வெளிச்சம் படுகிற கிளையை ஒன்று, இரண்டையும் பாருங்கள்.

ஒப்பிட ஒரு மரம் வேண்டும். அது இல்லாமல் சோதனை கிடையாது. நல்லவேளையாக, எங்கள் பக்கத்தில் ரோட்டோரப் புளிக்குப் பஞ்சமில்லை. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் ஏதாவது ஒரு சாதாரணப் புளியின் கீழ் நில்லுங்கள். பேய் பிடிக்குமே என்று பாட்டி சொன்னதை நினைத்துப் பயப்பட வேண்டாம். இரவில் மரம் விடுகிற கரியமில வாயுதான் ஆளை அமுக்குகிறது என்று பேய்க்குப் பதில் சொல்லப்படும் ‘அறிவியல்’ விளக்கமும் அவ்வளவு சரியில்லை. திறந்த வெளியில் ஒரு மரம் மூச்சுவிடும் அளவு ஆளை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் படுத்திருப்பவரே அதைவிடக் கிட்டத்தில் மூச்சுவிடுகிறார். ஒரு கிளையைக் குறித்துக்கொண்டு படம் எடுங்கள். கால் மணிக்கு ஒரு படம். வானம் தெரியாமல் அடர்ந்திருந்த கிளைக்கு நடுவே மெல்ல வானம் தெரிய ஆரம்பிக்கும். அது முடிந்ததும் நேரே கோயிலுக்குப் போங்கள்.

எங்கள் அட்சரேகையில் பொழுதுசாயும் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. நவம்பரில் ஆறு மணியை ஒட்டி, ஜூலையில் ஏறக்குறைய ஆறு நாற்பது. ஆக, இரவு நடை சாத்துவதற்குள் இருட்டில் பார்க்க நேரம் கிடைக்கும். நண்பகலில் நடை அடைத்து மாலையில்தான் திறப்பார்கள். இதைத் தெரியாமல் மதியம் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் பலர். நண்பருக்கு நான் போட்டுக்கொடுத்த திட்டம் அந்த இடைவெளியைச் சுற்றித்தான் அமைந்தது.

காலையில் நெல்லையிலிருந்து திருச்செந்தூர் ரயில். ஆழ்வார்திருநகரியிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் நெல்லும் வாழையும் குளமும் மாறிமாறி வரும். காலையில் கோயிலை நிதானமாகப் பாருங்கள், மரத்தைப் பகல் கோலத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சோதனைக்குத் தேவை. இங்கே கல்லில் குடைந்த நாதஸ்வரம் ஒன்று இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். உச்சிவேளைக்கு ஆட்டோ பிடித்துப் பத்துக் கிலோமீட்டர் போல மேற்கே போனால் முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிக் கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். நூற்றாண்டுத் திருப்பத்தில் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துக் காட்டும் காட்சிக்கூடம் திறக்க 2023 ஆகஸ்ட் ஆயிற்று. இப்போது அகழ்ந்த குழிக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் தெரியும். பிள்ளைகள் முதலில் காலை வைக்கத் தயங்குவார்கள்.

திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டம். கோட்டை கோட்டை என்று கேட்ட நண்பருக்காக இதைச் சொன்னேன். இங்கே உண்மையாகவே ஒரு மண்கோட்டை இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் அதற்குள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே வருவதில்லை. மானிடவியல் அறிஞர் கமலா கணேஷ் அவர்களைப் பற்றி எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. எதிரியைத் தடுக்கச் சுவர் கட்டுவது உலக வழக்கம். இந்தச் சுவர் பெரும்பாலும் உள்ளே இருந்தவர்களையே தடுத்தது. போன நூற்றாண்டில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேற, பராமரிப்பில்லாத மண் மழையில் கரைந்தது. பார்க்க அதிகம் இல்லை, நின்று யோசிக்க நிறைய இருக்கிறது.

எந்த மாதம் வருவது என்று மற்றவர்களும் கேட்கலாம். தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால்தான் 130 கிலோமீட்டர்கூட இல்லாத ஆறு கார், பிசானம் என்று இரண்டு பூ விளைவித்துக் கொடுக்கிறது. தைக்கும் மாசிக்கும் வந்தால் ஆற்றில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் பொறுக்கும். மார்கழியில் வந்தால் அரையர் சேவை பார்க்கலாம். வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் கருடன்மேல் இங்கே எழுந்தருள, நம்மாழ்வார் அன்னத்தில் வருவார். அது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அன்றைக்கு இலை பார்க்கிறேன் என்று அண்ணாந்து நின்றால் கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஐப்பசி முதல் மார்கழி பாதி வரை வானிலை அறிக்கையைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆள் இடுப்பளவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால் பௌர்ணமியை ஒட்டி வாருங்கள் என்பேன். இதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிடுவதற்கு முன் ஏடு தேடி இந்த ஊருக்கு வந்தார். கவிராயர்கள் வீடுகளில் தேடித் தேடிச் சலித்துப்போயிருந்தார். ஓர் இரவு, நம்மாழ்வாரை வேண்டிக்கொண்டு நின்றவர் கையில் ஒரு சுவடி வந்து சேர்ந்தது. விளக்குக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்தார், முல்லைப்பாட்டு இருந்தது. பனையோலையில் கீறிய எழுத்தைப் படிக்க நிலா போதுமானால், புளியிலை விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்க்கவும் போதும்.

கடைசியாக ஒன்று. நண்பரின் மூத்த பெண் பத்தாவது படிக்கிறாள், கெட்டிக்காரி. கீழே நின்று பார்ப்பானேன், ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து நிதானமாகச் சோதித்தால் என்ன என்று கேட்டாள். கோயில் மரத்தில் கை வைக்கக் கூடாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கிள்ளிய இலையில் தண்ணீர் இறங்கிவிடும். தண்ணீர் இறங்கினால் கீல் தளர்ந்து, தூங்காத மரத்து இலையும் உன் கையில் சுருண்டுகொள்ளும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் பைனாகுலர் கொண்டு வருகிறேன் என்றாள்.